பெருவிரல் நகம்

கழுத்தில் சுழி சரியில்லையென்று
அந்தியூர்ச் சந்தையில் ஏழாயிரம் தள்ளிக் கொடுத்தார்கள்.
அண்ணன் கித்தேரியானுக்கு அது லாபம்;
ஏரிக்கரையில் சவாரி விட இன்னொரு முதுகு.
இரண்டரை வயது, செவலை, பெட்டை.
லாரியில் இருபது கொண்டை ஊசி வளைவும்
நின்றபடியே ஏறி வந்து
நாகலூரில் இறங்கியதும்
நீளமாக மூத்திரம் பெய்தது.
பிறகு எங்களைப் பார்த்து
விழியின் வெள்ளையைக் காட்டியது.

"கோடை விழாவுக்குள்ள சேணம் ஏறணும்."
நான் ஜீப் ஓட்டுகிறவள்.
குதிரை பற்றி எனக்கென்ன தெரியும்?
ஆனால் காலையில் எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டு
மாலையில் ஏற்றப்போகும் வரை
வீட்டில் கை சும்மா இருப்பது எனக்குத்தான்.

அதற்குப் பெயர் வைக்கவில்லை.
"ஏய்" என்று அண்ணன் கத்தினால்
அதுவும் திரும்பும், நானும் திரும்புவேன்.

பழைய பல்ப்பர் ஷெட்டுக்குப் பின்னால் சமதளம்.
சுற்றிலும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு.
பன்னிரண்டடிக் கயிறு.
முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லை.
கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து
டீசல் கணக்கு எழுதினேன்.
முதுகை முகர்ந்தது.
ஒருநாள் நோட்டின் மூலையைத் தின்றது.
செவ்வாய், புதன் கணக்கு
அதன் வயிற்றோடு போனது.

பிறகு கயிறு.
இழுத்தால் அதுவும் இழுத்தது.
இருநூற்றைம்பது கிலோவிடம்
ஐம்பத்தெட்டு கிலோ என்ன வாதாடும்?
கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று
பாதத்துக்குத் தெரியுமே,
அப்படித் தேடினேன்.
தொய்வும் இல்லை, விறைப்பும் இல்லை,
அந்த ஒரு நூல் இடம்.
காத்திருந்தேன்.
அதன் எடை முன்னங்காலுக்கு மாறியது.
நடக்கவில்லை,
நடக்க நினைத்தது, அவ்வளவுதான்.
விட்டேன்.
உதட்டை நக்கிக்கொண்டு
இல்லாத புல்லை மென்றது.

கெட்ட நாளையும் சொல்லிவிட வேண்டும்.
தவணை கேட்டு ஃபைனான்ஸ்காரன் வந்துபோன மதியம்,
நின்ற இடம் விட்டு அசையவில்லையென்று
கயிற்று முனையை அதன் முகத்தில் வீசினேன்.
ஒரே வீச்சு.
அதற்குப் பிறகு ஒன்பது நாள்
என் தலைமயிரை ஒதுக்கக் கை தூக்கினாலும்
அதன் கழுத்து வானம்வரை போனது.

ஐப்பசியில்
ஷெட் தார்ப்பாய் பிய்ந்து பறந்த காற்றில்
ஓட இருந்த திசைகளையெல்லாம் விட்டுவிட்டு
என்னிடம் ஓடி வந்தது.
என்னிடம்!
வந்த வேகத்தில் தோளால் என்னை ஓக்கில் சாத்தி
என் பெருவிரல்மேல் நின்றுகொண்டு
நடுங்கியது.
நான் அழுதது வலியிலா என்று கேட்க
அங்கே யாரும் இல்லை.

டாக்டர் நகத்தைப் பிடுங்கினார்.
அண்ணன் சிரித்தான்:
"நம்பிடுச்சு. ஆனா ஆளா மதிக்கல.
நீ அதுக்கு ஒரு மரம்."

கட்டுப்போட்ட காலோடு மறுபடி களத்தில்.
தோளைக் கொண்டு இடிக்க வரும்போது
இம்முறை நான் விலகவில்லை.
முழங்கையை விரித்து நின்றேன்,
இவ்வளவு இடம் என்னுடையது.
அதன் மார்பில் இரண்டு விரல்,
தோசைக்கல் சூடு பார்க்கும் அழுத்தம்.
யோசித்தது.
ஒரு காலைப் பின்னால் வைத்தது.
விரலை எடுத்துவிட்டேன்.
கத்தவில்லை, கோபமும் வரவில்லை;
அதுதான் அதைக் குழப்பியிருக்க வேண்டும்.
நாளெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்று நல்ல பனி.
மஞ்சக்குட்டை ரோட்டில் நடத்திப் போனேன்.
வளைவில் தடி ஏற்றிய லாரி
ஏர் பிரேக்கைச் சீறவிட்டது.
என் பக்கம் பாய்ந்தது,
ஒரு கை தள்ளி
நின்றுவிட்டது.
கயிற்றின் வயிறு தார் ரோட்டைத் தொட்டுக் கிடந்தது.
ஒரு காது லாரிக்கு.
ஒரு காது எனக்கு.

பூக்கண்காட்சிக்குப் பந்தல் போட்டாயிற்று.
"இப்ப ஏறலாமா?" என்கிறான் அண்ணன்.
ஷூவைக் கழற்றிக் காட்டுகிறேன்.
நகம் பாதிதான் முளைத்திருக்கிறது.